சிலர் பொருள் பலர் பொருளாதல்

தருமபுரி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் படுகையில், கம்பைநல்லூர் என்னும் பேரூர் அமைந்துள்ளது. அவ்வட்டாரத்து மேட்டு நிலங்களில் கேழ்வரகும் சாமையும் நெடுங்காலமாக விளைந்து வருகின்றன. மழை குறைந்த ஆண்டிலும் உழவனை முற்றிலும் கைவிடாத பயிர் கேழ்வரகு. பதமாகக் காயவைத்துச் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் தானியமும் அதுவே. காலையில் கூழாகவும் இரவில் களியாகவும் அது இவ்வட்டார மக்களுக்கு வலிமை தந்து வந்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணச்சத்து உண்டு. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. எனினும் நகரத்தார் நெடுநாள் இதனை மதித்தாரல்லர். வெண்ணிற அரிசிச் சோறே உயர்ந்தோர் உணவு என்றும், களி உண்பது வறுமையின் அடையாளம் என்றும் அவர்கள் எண்ணினர். களி உண்டு வளர்ந்த பிள்ளைகள் அதனை வெளியூரில் சொல்லிக்கொள்ளக் கூசியதும் உண்டு.

பின்னர்க் காலம் மாறிற்று. இந்திய நாட்டின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2023-ஆம் ஆண்டினை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, நீலகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நியாயவிலைக் கடைகளின் வாயிலாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. நகரத்து அங்காடிகளில் கேழ்வரகு மாவும், அடையும், இனிப்பும் பளபளப்பான உறைகளில் அடுக்கப்பட்டன. மருத்துவர்கள் அதனைப் பரிந்துரைத்தனர். செல்வர்கள் விருந்தில் பரிமாறினர்.

இம்மாற்றத்தைக் காணும் முதியவர் ஒருவரின் உள்ளத்தில் இருவகை உணர்ச்சிகள் எழுதல் இயல்பு. தாம் உண்ட உணவின் பெருமையை உலகம் ஒருவாறு உணர்ந்ததே என்னும் மகிழ்ச்சி ஒன்று. ஏளனம் செய்த காலத்திலும் இதனைக் கைவிடாதவர் தாமேயாக, இன்று வந்தவர்கள் தாமே கண்டறிந்தவர்போல் பேசுகின்றனரே என்னும் மனக்குறை மற்றொன்று. ஒரே நிகழ்ச்சி ஒருவருக்கே மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது வியப்பன்றோ? சிலர் போற்றிக் காத்த பொருள் பலர் விரும்பும் பொருளாகும்போதெல்லாம் இந்த இரட்டை உணர்ச்சி தோன்றும். உணவில் மட்டுமன்று, இசையிலும், கலையிலும், கருவிகளிலும் இதனைக் காணலாம். அண்மைக் காலத்தில் இது மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் கணினி உலகம் ஆகும்.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் 1976-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று ஆப்பிள் என்னும் நிறுவனம் தோன்றியது. ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக், ரொனால்டு வெயின் ஆகிய மூவர் அதனைத் தொடங்கினர். அவருள் வெயின் சில நாட்களிலேயே விலகிக்கொண்டார். அந்நிறுவனம் 1984-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மெக்கின்டாஷ் என்னும் கணினியை வெளியிட்டது. அதற்கு முன்னர்ப் பெரும்பாலான கணினிகளை இயக்குவதற்குக் கட்டளைச் சொற்களை மனப்பாடம் செய்து தட்டச்சிட வேண்டியிருந்தது. ஓர் எழுத்துப் பிழைபட்டாலும் பொறி பணி செய்யாது. மெக்கின்டாஷோ திரையில் சிறு சிறு படங்களைக் காட்டிற்று. கையடக்கமான சுட்டியை நகர்த்தி, வேண்டிய படத்தைத் தொட்டு அழுத்தினால் போதும், வேலை நடந்தது. சுட்டி, டக்ளஸ் எங்கெல்பார்ட் என்னும் அறிஞர் முன்னரே உருவாக்கியது. திரையில் படங்களைக் கொண்டு இயக்கும் முறை ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்தது. ஆயினும் அவற்றை இணைத்துப் பொதுமக்கள் வாங்கத்தக்க கணினியாகச் செய்து, பலரும் அறியச் செய்த பெருமை மெக்கின்டாஷுக்கு உண்டு.

அக்காலத்தில் சந்தையில் பெரிதும் பரவியது மெக்கின்டாஷ் அன்று. ஐபிஎம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட கணினியின் அமைப்பைப் பின்பற்றிப் பல நிறுவனங்கள் மலிவான கணினிகளைச் செய்து விற்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இயக்க நிரல் பணிபுரிந்தது. அலுவலகங்களும் பள்ளிகளும் வீடுகளும் அவற்றையே வாங்கின. மெக்கின்டாஷின் விலை மிகுதி. அதில் இயங்கும் நிரல்களோ குறைவு. ஆதலின் ஓவியர், அச்சுத் தொழிலோர், இசைவாணர், ஆசிரியர் முதலிய சிலரே அதனை விரும்பி வாங்கினர். 1997-ஆம் ஆண்டளவில் உலகில் நூறு கணினிகள் விற்றால் அவற்றுள் ஐந்துகூட மெக்கின்டாஷ் அல்ல என்னும் நிலை இருந்தது.

சிலராக இருந்தமையே அவர்களை ஒன்று சேர்த்தது. பழுது நேர்ந்தால் அண்டை வீட்டாரிடம் கேட்க இயலாது; அவர் வைத்திருந்தது வேறு கணினி. எனவே நகரந்தோறும் அவர்கள் பயனர் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். ஒருவர் கண்டறிந்த உத்தியை மற்றவர்க்குக் கற்பித்தனர். தாம் எழுதிய நிரல்களை விலையின்றிப் பகிர்ந்துகொண்டனர். புதியவர் ஒருவர் மெக்கின்டாஷ் வாங்க எண்ணினால், ஊதியம் பெறாத விற்பனையாளர்போல் அவரிடம் நெடுநேரம் பேசி அதன் சிறப்பை விளக்கினர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பர். இவர்கள் ஈன்ற குஞ்சு அதுவன்று. விலை கொடுத்து வாங்கிய பொறியே அது. எனினும் பெற்ற பிள்ளையைப்போல் அதனைப் பேணினர்.

அவ்வன்பு கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1996, 1997 ஆகிய இரு கணக்காண்டுகளில் ஆப்பிள் நிறுவனம் 180 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பை அடைந்தது. அது விரைவில் மூடப்படும் எனப் பலரும் பேசிக்கொண்டனர். முன்னர் அந்நிறுவனத்தை விட்டு விலகியிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது திரும்பி வந்திருந்தார். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாஸ்டன் நகரில் மெக்கின்டாஷ் அன்பர்கள் கூடிய பேரவையில் அவர் ஓர் அறிவிப்பைச் செய்தார். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஆப்பிளில் 15 கோடி டாலர் முதலீடு செய்யும் என்பதும், மெக்கின்டாஷுக்குத் தன் அலுவலக நிரல்களை ஐந்தாண்டுகளுக்குத் தொடர்ந்து அளிக்கும் என்பதும் அவ்வறிவிப்பின் சாரம். மைக்ரோசாஃப்ட் தலைவர் பில் கேட்ஸின் முகம் மேடையின் பெரிய திரையில் தோன்றியபோது, கூட்டத்தில் பலர் வெறுப்பொலி எழுப்பினர். தங்கள் அன்புக்குரிய நிறுவனத்தைக் காக்க வந்த உதவியையே அவர்கள் இகழ்ந்தனர். ஆப்பிள் வெல்வதற்கு மைக்ரோசாஃப்ட் தோற்கவேண்டும் என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்று ஜாப்ஸ் அவர்களுக்கு எடுத்துரைத்தார். ஒன்றினிடத்துக் கொண்ட பற்று, நாளடைவில் மற்றொன்றினிடத்துக் கொண்ட பகையாகத் திரிந்துவிடுதல் கூடும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஒரு சான்று.

அதன்பின் நிறுவனத்தின் வளர்ச்சி விரைந்தது. 1998-இல் ஐமேக் என்னும் வண்ணக் கணினி வெளிவந்தது. 2001-இல் ஆயிரம் பாடல்களைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்ல உதவும் ஐபாட் வந்தது. முதலில் மெக்கின்டாஷ் உடையவர் மட்டுமே அதனைப் பயன்படுத்த முடிந்தது. அடுத்த ஆண்டு விண்டோஸ் கணினி உடையவர்க்கும் அது உரியதாயிற்று. 2005-ஆம் ஆண்டில், தன் கணினிகள் இனி இன்டெல் நிறுவனத்தின் சில்லுகளைக் கொண்டு இயங்கும் என ஆப்பிள் அறிவித்தது. இன்டெல் சில்லினை நத்தையின் முதுகில் ஏற்றிக் காட்டி எள்ளி நகையாடும் விளம்பரத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அதே நிறுவனம் வெளியிட்டிருந்தது. அவ்விளம்பரத்தை நம்பி நண்பரோடு வாதிட்ட அன்பர்களின் நிலை யாதாகும்? 2007-ஆம் ஆண்டு சனவரி 9-ஆம் நாள் ஐஃபோன் அறிமுகம் ஆனது. அன்றே அந்நிறுவனம் தன் பெயரிலிருந்து கணினி என்னும் சொல்லை நீக்கிவிட்டது. தொடக்க முதல் கணினிக்காகவே அதனை நேசித்தவர்க்கு அஃது ஒரு பெயர் மாற்றமாக மட்டும் தோன்றவில்லை.

பலர் வந்து சேர்ந்தபோது பழைய அன்பர்கள் பலவாறு நடந்துகொண்டனர். ஒரு சாரார் பெரிதும் மகிழ்ந்தனர்; இனித் தங்கள் நிறுவனம் அழியும் என்ற அச்சம் இல்லை என அமைதியுற்றனர். மற்றொரு சாரார், புதியவர்கள் பொருளின் அருமை அறியாமல் பிறரைப் பார்த்து வாங்குபவர்கள் எனக் குறைகூறினர். பிறிதொரு சாரார், நிறுவனம் தங்களை மறந்துவிட்டது என வருந்தினர். அவருள் சிலர் வேறு கணினிகளை நாடிச் சென்றனர்.

இம்மனக்குறையை முழுவதும் பொறாமை எனத் தள்ளிவிடுதல் தகாது. முழுவதும் நியாயம் என ஏற்றுக்கொள்ளுதலும் தகாது. அதனுள் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியே பிரித்து நோக்குதல் வேண்டும்.

முதலாவது, உழைப்பினால் வந்த உரிமையுணர்ச்சி. நிழல் தரும் மரத்தின் கீழ் எல்லாரும் அமர்வர். ஆனால் அதற்குத் தண்ணீர் ஊற்றியவன் அம்மரத்தைப் பார்க்கும் பார்வை வேறு. இடர்ப்பட்ட காலத்தில் பொருள் கொடுத்தும், பிறர்க்குக் கற்பித்தும், ஏளனத்தைப் பொறுத்தும் ஒன்றைக் காத்தவர்கள் அதனைத் தமதாகக் கருதுதல் இயல்பு. இஃது இழிந்த உணர்ச்சி அன்று. அவர்கள் வேண்டுவது பெரும்பாலும் ஒரு நன்றிச் சொல்லே.

இரண்டாவது, பிறரினும் வேறுபட்டு நிற்க விரும்பும் செருக்கு. தன்னிடம் உள்ள பொருள் பிறரிடம் இல்லை என்பதனாலேயே அதனை விரும்புவோர் உளர். பொருள் பலரிடமும் சென்றவுடன் அவர்க்கு அதன் சுவை கெட்டுவிடுகிறது. பொருளில் ஏதும் குறையவில்லை. குறைந்தது அவரது தனிச்சிறப்பே. இவ்விழை களைந்தெறியத் தக்கது.

மூன்றாவது, செய்பவனின் கண் தம்மைவிட்டு அகன்றுவிடுமோ என்னும் அச்சம். இஃது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஏனெனில் பலமுறை உண்மையாகியும் இருக்கிறது. 2007-இல் ஐஃபோன் விற்பனைக்கு வந்து ஏறத்தாழப் பத்து வாரங்களில் அதன் விலை 599 டாலரிலிருந்து 399 டாலராகக் குறைக்கப்பட்டது. முதல் நாளிலேயே வரிசையில் நின்று வாங்கியவர்கள் சினங்கொண்டனர். அன்பு மிக்கவர்கள் என்பதனாலன்றோ அவர்கள் முந்தி வாங்கினர்? அன்புக்குக் கிடைத்த பரிசு கூடுதல் விலைதானா என்று கேட்டனர். ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையான மடல் ஒன்றின் வாயிலாக வருத்தம் தெரிவித்து, அவர்களுக்கு 100 டாலர் மதிப்புள்ள ஈட்டுத் தொகையைப் பொருளாகப் பெற்றுக்கொள்ள இசைந்தார்.

2011-இல் வேறொரு நிகழ்ச்சி நடந்தது. திரைப்படத் தொகுப்பாளர் பலர் ஃபைனல் கட் என்னும் நிரலைக் கொண்டு தொழில் செய்துவந்தனர். ஆப்பிள் அதனை முற்றிலும் மாற்றி, எளியோரும் கையாளத்தக்க புதிய வடிவில் வெளியிட்டது. பழைய வடிவில் செய்து வைத்த பணிகளைப் புதிய வடிவில் திறக்க இயலவில்லை. தொழிலுக்கு இன்றியமையாத வசதிகள் சிலவும் முதலில் இல்லை. தொகுப்பாளர்கள் முறையீடு செய்தனர். பலர் வேறு நிரலுக்கு மாறினர். பின்னர் அவ்வசதிகள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. அதுபோன்றே, 2013-இல் வெளிவந்த உயர்திறன் மெக்கின்டாஷின் அமைப்பு தொழில் வல்லுநர்க்கு ஏற்றதாக அமையவில்லை என்பதனை நிறுவனத்தின் தலைவர்களே 2017-இல் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டனர். மாற்றுக் கணினி 2019-இல்தான் வந்தது. இவ்விடங்களில் பழைய அன்பர்களின் குறை நியாயமானது. புதிய விருந்தினரை வரவேற்பதற்காகப் பழைய உறவினரைத் திண்ணையிலிருந்து இறக்கிவிடுதல் இல்லறத்தார்க்கு அழகன்று, நிறுவனத்தார்க்கும் அழகன்று.

இனி, பலர் பொருளாவதனால் விளையும் நன்மையையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். சிலர்க்கு மட்டும் உரியதாயிருந்த காலத்தில் ஒரு பொருள் அச்சிலர் மொழியையே பேசும். பலரிடம் செல்லும்போதுதான் அது பல மொழிகளைக் கற்றுக்கொள்கிறது. மலேசிய நாட்டுத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி என்னும் எழுத்துரு மெக்கின்டாஷ் கணினியிலேயே இடம்பெற்றது. 2013-இல் ஐஃபோனில் தமிழ் விசைப்பலகை அமைந்தது. அதன்பின் தமிழில் எழுதுவதற்குத் தனி நிரல் தேடி அலைய வேண்டிய தேவை நீங்கிற்று. 2009-ஆம் ஆண்டில், திரையில் உள்ளவற்றை வாய்விட்டுப் படித்துக் காட்டும் வசதி ஐஃபோனில் சேர்க்கப்பட்டது. கண்பார்வையற்றோரும் அதனைத் தாமே இயக்கலாயினர். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உலகில் 200 கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிள் கருவிகள் பயன்பாட்டில் உள்ளன என அந்நிறுவனம் அறிவித்தது. ஒரு சங்கக் கூடத்தில் அடங்கும் அளவினராகவே அன்பர்கள் இருந்திருப்பின், தமிழுக்கு அங்கே ஓர் இருக்கை கிடைத்திருத்தல் அரிது.

மேலும் ஒரு செய்தி அறியத் தக்கது. அந்த ஐஃபோன்கள் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் உருவாக்கப்படுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்த தொழிற்சாலையில் டாடா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அவற்றுக்கான பாகங்களைச் செய்கிறது. இத்தொழிற்சாலைகளில் பெருந்தொகையான இளம்பெண்கள் பணிபுரிகின்றனர். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டு வரை தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்ததாகும். கலிபோர்னியாவில் ஒரு சிலர் கூடிப் பேசிய பொருள், கேழ்வரகு விளையும் மண்ணுக்கு வேலையாகவும் ஊதியமாகவும் வந்து சேர்ந்துள்ளது. பொருள் ஒன்று பலரைச் சேர்ந்தடைவது விற்பனையின் பெருக்கம் மட்டுமன்று. அதனைச் செய்யும் கைகளின் பெருக்கமும் ஆகும்.

இவ்வுண்மைகளை உள்ளத்திற்கொண்டு மீண்டும் கம்பைநல்லூர் வட்டாரத்துக் கேழ்வரகை நோக்குதல் நலம். நகரத்தார் களி உண்ணத் தொடங்கியதனால் களியின் சுவை குறைந்துவிடவில்லை. எங்கள் வீட்டு உணவு எல்லார் வீட்டுக்கும் சென்றுவிட்டதே என ஏங்குவது வீண். எங்கள் பாட்டி அன்றே அறிந்திருந்தார் எனப் பெருமிதம் கொள்வது தவறன்று. ஆனால் விளைவித்த உழவனுக்கு உரிய விலை கிடைக்காமல் உறையிட்டு விற்பவர்க்கே ஊதியம் சேருமானால், அல்லது கேழ்வரகு சிறிதும் கோதுமையும் சர்க்கரையும் பெரிதுமாகக் கலந்த பண்டம் கேழ்வரகின் பெயரால் விற்கப்படுமானால், அல்லது நகரத்தில் விலை ஏறியதனால் நாள்தோறும் அதனை உண்டவர்க்கே அது எட்டாக் கனியாகுமானால், அப்போது குரல் எழுப்புதல் கடமை. அது பொறாமையின் குரல் ஆகாது. காவலின் குரல் ஆகும்.

பழைய அன்பர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. பொருளின் தரம் குன்றாமல் காவல் புரிதல் ஒன்று. புதிதாக வந்தவரை இகழாது, தாம் அறிந்ததை அவர்க்குக் கற்பித்தல் மற்றொன்று. மெக்கின்டாஷ் சங்கங்களில் கூடியவர்கள் தொடக்கத்தில் செய்ததும் இதுவே. வழி தெரியாமல் வந்தவர்க்கு வழி காட்டினர். அதனாலன்றோ கூட்டம் பெருகிற்று? கூட்டம் பெருகிய பின்னர் வழிகாட்டியவரே வாயிலை அடைக்க முற்படுவாராயின், தாம் செய்த நற்செயலைத் தாமே மறந்தவராவர்.

புதியவர்க்கும் ஒரு கடமை உண்டு. தாம் இன்று எளிதிற் பெறும் பொருளை, அருமை அறியப்படாத நாளில் கைவிடாது காத்தவர் சிலர் இருந்தனர் என்பதை அவர்கள் மறத்தலாகாது. கேழ்வரகு அடையை நகரத்தில் சுவைத்து உண்பவர், மேட்டு நிலத்தில் அதனை விடாது விதைத்து வந்த உழவரை ஒருகணம் நினைத்தல் வேண்டும். முன்னோரின் உழைப்பை நினைப்பவர் பொருளை வீணாக்கார். பின்வருவோரை வரவேற்பவர் பொருளை அழியவிடார். இவ்விருவகைப் பண்பும் கூடுமிடத்தில், சிலர் பொருள் பலர் பொருளாதல் எவர்க்கும் இழப்பாவதில்லை.